காந்தஹார் பிரபுவும் மதராஸ் சிப்பாயும்

1881 நவம்பரில் சென்னை மாகாணப் படைக்குப் புதிய தலைமைத் தளபதி வந்து சேர்ந்தார். பெயர் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ். வயது 49. ஆள் குட்டை. சிறுவயதில் கண்ட மூளைக் காய்ச்சலில் வலது கண்ணின் பார்வை போய்விட்டது. பூனை என்றால் ஆகாது என்பார்கள். மார்பில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திப் போய் லண்டன் பத்திரிகைகளின் செல்லப்பிள்ளையாகி இருந்தார்.

சென்னைப் பதவியில் அவர் இருந்தது நான்கு ஆண்டுக்கும் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் அவர் மனத்தில் இறுகிப்போன ஒரு முடிவு, தென்னாட்டு இளைஞன் துப்பாக்கி ஏந்தலாமா, மண்வெட்டி மட்டும் ஏந்தலாமா என்பதை அவருக்குப் பிறகும் வெகுகாலம் தீர்மானித்தது. அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் சென்னையை விட்டுவிட்டு டெல்லிக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், அந்தக் காலத்துப் பீரங்கி அதிகாரி என்றால் யார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டிஷ் அரசரின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் 1871 வரை அதிகாரிப் பதவி விலைக்குக் கிடைத்தது. பணம் இருந்தால் கேப்டன், இன்னும் இருந்தால் கர்னல். பீரங்கிப் படையும் பொறியாளர் படையும் மட்டும் விதிவிலக்கு. குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடத் தெரியாதவனிடம் பீரங்கியைக் கொடுத்தால் சாவது சொந்த ஆட்கள்தான் என்பது பிரபுக்களுக்கும் தெரிந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பதவி விற்பனையே கிடையாது. தன் பீரங்கி, பொறியாளர் படைகளுக்கான இளைஞர்களைக் கம்பெனி லண்டனுக்கு அருகே அடிஸ்கோம் என்ற இடத்தில் தானே பயிற்றுவித்தது. கையில் பெரிய சொத்து இல்லாத, தலையில் கொஞ்சம் கணக்கு இருந்த பையன்களுக்கு அது ஒரு வாசல்.

ராபர்ட்ஸ் அந்த வாசல் வழியாக வந்தவர். 1832 செப்டம்பர் 30 அன்று கான்பூரில் பிறந்தார். தந்தை ஆபிரகாம் ராபர்ட்ஸ், அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த குடும்பத்தவர், கம்பெனி படையில் ஜெனரல். மகன் ஈட்டன், சாண்ட்ஹர்ஸ்ட், அடிஸ்கோம் என்று படித்து முடித்து 1851 டிசம்பரில் வங்காளப் பீரங்கிப் படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். பெஷாவரில் தந்தைக்கு உதவியாளராகக் கொஞ்ச நாள். பிறகு அவர் ஏங்கிக் கிடந்த குதிரைப் பீரங்கிப் படை. அதில் பீரங்கி மட்டுமல்ல, அதை இயக்கும் ஒவ்வோர் ஆளும் குதிரைமேல்தான் போவார்கள். குதிரைப்படையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடி, இறங்கி, சுட்டு, மறுபடி ஏறி ஓட வேண்டும். அந்தப் படையின் சட்டையை அணிவது அன்றைய இளம் அதிகாரிக்கு வாழ்நாள் பெருமை.

ஆனால் விதி அவரைப் பீரங்கிப் பக்கம் அதிக நாள் விட்டுவைக்கவில்லை. குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் துறைக்குப் போனார். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் போர்வையும் அரிசி மூட்டையும் நினைவுக்கு வரும். அன்று அந்தத் துறைதான் படையை நகர்த்தியது: எந்த வழியாகப் போவது, எங்கே முகாம், எங்கே தண்ணீர், எதிரி எங்கே என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அடுத்த இருபது ஆண்டுகளின் பெரும்பகுதியை அவர் அந்த வேலையில்தான் கழித்தார். அவருடைய வெற்றிகளுக்கான விளக்கத்தை வீரத்தில் தேடுவதைவிட இந்தப் பொட்டல அறிவில் தேடுவது பொருத்தம் என்பது என் எண்ணம். ஒரு கழுதை எத்தனை சேர் சுமக்கும் என்று தெரிந்த தளபதி அவர்.

1857இல் கிளர்ச்சி வெடித்தபோது அவர் பஞ்சாபில் இருந்தார். லாகூரில் இரண்டு சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்ததை நேரில் பார்த்தார். அது கொஞ்சம் கோரமான காட்சிதான், ஆனால் இந்த நேரத்தில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற பொருள்பட வீட்டுக்குக் கடிதம் எழுதினார். எழுதியபோது வயது 24. அவர் கொடூரப் பேர்வழி என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அன்று முகாமில் இருந்த பெரும்பாலோர் இப்படித்தான் எழுதினார்கள். அவருடைய மென்மையான முகத்தையும் சிப்பாய்கள்மேல் அவர் காட்டிய பரிவையும் மட்டும் பேசும் வாழ்க்கை வரலாறுகள் இந்தக் கடிதத்தை விரைந்து கடந்துவிடுகின்றன என்பதால் சொல்கிறேன்.

டெல்லிக்கு வெளியே உள்ள மேட்டில் பிரிட்டிஷ் படை அந்தக் கோடை முழுவதும் முற்றுகையிட்டுக் கிடந்தது. ஜூலை 14 அன்று ராபர்ட்ஸின் முதுகுத்தண்டை நோக்கி வந்த குண்டு, இடுப்பிலிருந்து நகர்ந்து பின்பக்கம் போயிருந்த தோல் பையில் பட்டு வேகம் குறைந்தது. அந்தப் பை இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. செப்டம்பரில் யானைகள் இழுத்து வந்த கனரகப் பீரங்கிகள் மதிலை உடைக்கத் தொடங்கியபோது அவரும் ஒரு பீரங்கி மேட்டில் நின்று வேலை செய்தார். 14ஆம் தேதி தாக்குதல். காஷ்மீர் வாசலுக்கு உள்ளே சாலையோரம் ஒரு டோலி கேட்பாரற்றுக் கிடந்தது. தூக்கிகள் கொள்ளையடிக்கப் போய்விட்டார்கள். திரையை விலக்கிப் பார்த்தால், அவர் தெய்வமாக நினைத்திருந்த தளபதி ஜான் நிக்கல்சன் குண்டடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்.

அந்த மேட்டில் அவரோடு நின்றவர்கள் யார் என்பதுதான் நமக்கு முக்கியம். கூர்க்காக்கள், சீக்கியர்கள், எல்லைப்புறப் பட்டாணியர்கள். எதிரே மதிலுக்குள் இருந்தவர்கள் அவத், பீகார் பகுதிகளின் உயர்சாதிச் சிப்பாய்கள். அதுவரை கம்பெனியின் கண்ணுக்கு இந்தியாவிலேயே சிறந்த போர்வீரன் அந்த ஆறடி உயர அவத் பிராமணனும் ராஜபுத்திரனும்தான். சில மாதங்களில் கணக்கு தலைகீழானது. யார் வீரக்குடி என்ற கேள்விக்கு, யார் நம்மோடு இருந்தார்கள் என்பதே விடையாக மாறியது. மதராஸ் சிப்பாய் அந்த மேட்டில் இல்லை. அவன் கிளர்ச்சியும் செய்யவில்லை. மதராஸ் படை ஏறக்குறைய முழுக்க அமைதியாக இருந்தது. விசுவாசத்துக்குப் பரிசு உண்டு என்றால் அது முதலில் அவனுக்குத்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. இளம் ராபர்ட்ஸின் கண்ணில் படாத இடத்தில் அவன் இருந்தான்.

விக்டோரியா கிராஸ் கிடைத்தது 1858 ஜனவரி 2 அன்று, ஃபதேகர் அருகே குதாகஞ்சில் நடந்த துரத்தலுக்காக. ஒரு குதிரைவீரரைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்த வந்த சிப்பாயை ராபர்ட்ஸ் வெட்டிச் சாய்த்து அவரைக் காப்பாற்றினார். சற்றுத் தள்ளி இரண்டு சிப்பாய்கள் கொடியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். குதிரையை விட்டார். கொடிக்கம்பை இரு கையாலும் பிடித்து இழுக்கும்போது இரண்டாவது ஆள் துப்பாக்கியை அவர் உடம்பில் ஒட்டவைத்து விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. கொடியோடு திரும்பினார். பீரங்கி அதிகாரியின் மிகப் பெரிய பதக்கத்துக்கும் பீரங்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொன்று: அவர் காப்பாற்றிய அந்த இந்தியக் குதிரைவீரர் அன்று அதைவிடப் பெரிய சாகசம் செய்திருந்தாலும் இந்தப் பதக்கம் கிடைத்திருக்காது. இந்தியச் சிப்பாய்க்கு விக்டோரியா கிராஸ் உரிமை 1911இல்தான் வந்தது.

அதன்பின் அம்பேலா, அபிசீனியா, லுஷாய் மலை என்று போர்கள். எல்லாவற்றிலும் வழியும் வண்டியும் மூட்டையும் கவனிக்கும் வேலை. 1878இல் இரண்டாம் ஆப்கன் போர் தொடங்கியபோது குர்ரம் பள்ளத்தாக்குப் படை அவரிடம் வந்தது. அதற்கு முன் அவர் பெரிய படை எதற்கும் தலைமை தாங்கியதில்லை. டிசம்பர் 2 அன்று பெய்வார் கணவாயை, நேரே மோதாமல், இரவில் சுற்றுவழியாக மலையேறிப் பிடித்தார். அந்த இரவு நடையில் 29ஆம் பஞ்சாப் காலாட்படையைச் சேர்ந்த பட்டாணியச் சிப்பாய்கள் எதிரியை எச்சரிக்க வேண்டுமென்றே துப்பாக்கியை வெடித்தார்கள். ஒருவர் தூக்கிலிடப்பட்டார். தன் இனத்தவருக்கு எதிராகச் சுட மனம் வராத சிப்பாயை எளிதில் புரிந்துகொள்ளலாம். ஆனால் இந்தச் சம்பவத்தால் ராபர்ட்ஸின் பார்வையில் பட்டாணியரின் ‘போர்க்குடி’ அந்தஸ்து குறையவில்லை என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம்.

1879 செப்டம்பரில் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவனாரி கொல்லப்பட்டார். ராபர்ட்ஸ் காபூலுக்குள் நுழைந்து, கவனாரி இறந்த மாளிகையின் இடிபாடுகளிலேயே தூக்குமரம் நட்டார். எண்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். கொலையில் பங்கிருந்தவர்கள் மட்டுமல்ல, படையை எதிர்த்து நின்றவர்களும் கலகக்காரர்களாகக் கருதப்பட்டார்கள். சொந்த நாட்டுக்குள் வந்த அந்நியப் படையை எதிர்ப்பது எப்படிக் கலகமாகும் என்று இங்கிலாந்திலேயே கேள்வி எழுந்தது. அவர் பெயர் கொஞ்சம் கெட்டது.

கெட்ட பெயரை ஒரு நடைப்பயணம் துடைத்தது. 1880 ஜூலை 27 அன்று மைவந்தில் ஆப்கன் இளவரசர் ஆயூப் கான் ஒரு பிரிட்டிஷ் படையை நொறுக்கிவிட்டு, காந்தஹாரை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 9 வாக்கில் ராபர்ட்ஸ் காபூலிலிருந்து கிளம்பினார். போர்வீரர்கள் ஏறக்குறைய 10,000 பேர், உடன் வரும் வேலையாட்கள் 8,000 பேர். சுமார் 500 கிலோமீட்டர். சக்கரம் வைத்த பீரங்கி ஒன்றுகூட வேண்டாம் என்று முடிவெடுத்தார். கோவேறு கழுதைகள் சுமந்து வரும் மலைப் பீரங்கிகள் 18 மட்டும். பீரங்கிப் படையில் வளர்ந்தவர் பெரிய பீரங்கிகளை விட்டுவிட்டுப் போனார். குவார்ட்டர்மாஸ்டர் வென்ற இடம் அது.

விடிவதற்கு வெகுமுன்பே, மூன்று மணிக்குள், எக்காளம் ஊதும். நான்கு மணிக்குக் கூடாரம் சுருட்டி, சுமை ஏற்றி, நடை தொடங்கிவிடும். நடுப்பகலில் வெயில், இரவில் நடுக்கும் குளிர், நாளெல்லாம் புழுதி. சமைக்க விறகு கிடையாது. வழியிலுள்ள வீடுகளை விலைபேசி வாங்கி, இடித்து, கூரை மரத்தை எரித்தார்கள். அதுவும் கிடைக்காத நாட்களில் செடிகளின் வேரைப் பிடுங்கி அடுப்பு மூட்டினார்கள். மாலையானால் வேலையாட்கள் நடக்க முடியாமல், செத்தால் சாகிறோம் என்று ஓடைப் பள்ளங்களில் ஒளிந்து படுத்துக்கொள்வார்கள். பின்காவல் படை ஒவ்வொரு பள்ளமாகத் தேடி அவர்களை எழுப்பி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். விட்டுவிட்டால் காலையில் பிணம்தான் கிடைக்கும். கடைசி நாட்களில் ராபர்ட்ஸுக்கே காய்ச்சல், டோலியில் வந்தார். ஆகஸ்ட் 31 அன்று காந்தஹார். மறுநாளே ஆயூப் கானின் படை சிதறியது. மைவந்தில் பறிபோன இரண்டு குதிரைப் பீரங்கிகளும் திரும்பக் கிடைத்தன.

கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி, நடந்து வந்தவர்களுக்கெல்லாம் நட்சத்திரப் பதக்கம் வார்த்தார்கள். ராபர்ட்ஸ் ஏறிவந்த வோனோலெல் என்ற வெள்ளைக் குதிரைக்கும் விக்டோரியா ராணி பதக்கங்கள் அணிவித்தார். 8,000 வேலையாட்கள் இந்தக் கதையில் எந்த அளவுக்கு நினைக்கப்படுகிறார்கள் என்பதை அந்தக் குதிரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே ஆண்டு ஏப்ரலில் டொனால்ட் ஸ்டூவர்ட் என்ற தளபதி இதே பாதையில் எதிர்த்திசையில், வழியில் ஒரு கடும் போரும் நடத்திக்கொண்டு, காந்தஹாரிலிருந்து காபூலுக்கு வந்திருந்தார். அவரை யாருக்கும் நினைவில்லை. காபூலை நோக்கிய தன் முன்னேற்றத்தைவிட இந்த நடை ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது என்று தனக்கே புரியவில்லை என ராபர்ட்ஸே எழுதினார். மைவந்த் தோல்விக்குப் பிறகு லண்டனுக்கு ஒரு வெற்றி உடனே தேவைப்பட்டது; அவ்வளவுதான்.

இந்தப் புகழோடு சென்னைக்கு வந்தவர்தான் 1881இல் மதராஸ் சிப்பாயைப் பார்வையிட்டார். சும்மா குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. சுடும் பயிற்சியை முடுக்கினார், போட்டிகள் வைத்தார், தானும் கற்றுக்கொண்டார். இருந்தும் 1897இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: இவர்களின் முன்னோரிடம் இருந்த போர்க்குணத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், நீண்ட அமைதியும் சுகவாழ்வும் இவர்களை மென்மையாக்கிவிட்டன, போர்க்குடிகளுக்கு எதிரே இவர்களை நிறுத்த முடியாது, தென்னிந்தியாவுக்கு வெளியே பயன்படுத்தவும் முடியாது.

முன்னோர் என்று அவர் சொன்னது யாரை? ஆற்காட்டில் கிளைவோடு நின்றவர்கள், ஹைதர், திப்புவோடு மோதியவர்கள், 1803இல் அசாயேயில் மராத்தியப் பீரங்கிகளை நோக்கி நடந்தவர்கள், கடல் தாண்டி ஜாவாவுக்கும் பர்மாவுக்கும் சீனாவுக்கும் போனவர்கள். கம்பெனியின் ராஜ்யத்தைத் தெற்கில் நிறுவிய படை அது. இரண்டு தலைமுறை அமைதி அதைக் கெடுத்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கெடுத்தது சிப்பாயின் ரத்தத்தை அல்ல, படையின் அமைப்பை. போர் இல்லாத இடத்தில் பதவி உயர்வு இல்லை, பதக்கம் இல்லை. சூட்டிகையான ஆங்கில இளைஞன் எல்லைப்புறத்துக்கு இடம் கேட்டு ஓடினான். எஞ்சியவர்களில் பலர் பெங்களூரிலும் செகந்திராபாத்திலும் கன்டோன்மென்ட் வாழ்க்கையில் மூப்படைந்தார்கள். அதிகாரி தூங்கினால் படை தூங்கும். தூங்கும் படையைப் பார்த்துவிட்டு, இவர்கள் இனமே தூங்குமூஞ்சி என்று எழுதுவது எளிது. பிறகு அந்தக் காரணத்தைக் காட்டிப் போருக்கு அனுப்பாமல் வைப்பது; அனுப்பாததால் மேலும் துருப்பிடிப்பது.

ஒற்றைக் கண்ணால் பார்த்தார் என்று எழுதக் கை பரபரக்கிறது. மலிவான சிலேடை என்பதோடு, அநியாயமும்கூட. மதராஸ் படையைக் குறைக்கும் பேச்சு அவருக்கு முன்பே 1879இன் ராணுவ விசாரணைக் குழுவில் வந்துவிட்டது. மத்திய ஆசியாவில் ரஷ்யா நெருங்கி வந்துகொண்டிருந்தது. ரஷ்யனோடு ஆப்கன் மலையில் மோத ஆள் வேண்டும் என்பதே அன்று சிம்லாவிலிருந்து ஆண்டவர்களின் ஒரே கவலை. அந்தக் கவலைக்குப் பஞ்சாபும் நேபாளமும் பக்கம், திருச்சி தூரம். ராபர்ட்ஸ் செய்தது, நிர்வாக வசதிக்கு இனக் கொள்கை என்ற மேலாடை போர்த்தியது. 1885 முதல் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தபோது அதை நடைமுறைப்படுத்த அதிகாரமும் கையில் இருந்தது. மதராஸ் ரெஜிமென்ட்கள் சில கலைக்கப்பட்டு, பர்மாவில் கூர்க்காக்களையும் பஞ்சாபியரையும் கொண்டு நிரப்பப்பட்டன. 10ஆம் மதராஸ் காலாட்படையாக இருந்தது இப்படித்தான் கூர்க்கா படையாயிற்று.

தப்பியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணி வைப்பது அவர்கள் தொழில். ‘தம்பிகள்’ என்று அழைக்கப்பட்ட அவர்கள் ராபர்ட்ஸ் புகழ்பெற்ற அதே ஆப்கன் போரிலும் பணியாற்றினார்கள். தென்னாட்டான் வெளியே உதவமாட்டான் என்ற விதியை எழுதியவர்களே அவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

1899 டிசம்பர் 15, தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த கொலென்ஸோ. இரண்டு பேட்டரிகளின் 12 பீரங்கிகளைத் துணிச்சல்கார கர்னல் ஒருவர் ஆற்றங்கரைக்கு வெகு அருகே கொண்டுபோய் நிறுத்த, டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களின் துப்பாக்கிச் சூட்டில் பீரங்கியாட்கள் வீழ்ந்தார்கள். வெட்டவெளியில் அநாதையாக நின்ற பீரங்கிகளை மீட்கத் தாமாக முன்வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஃபிரெட்டி ராபர்ட்ஸ், தளபதியின் மகன். காலாட்படைக்காரர். குண்டு பட்டு விழுந்தார். இரண்டு நாளில் இறந்தார். மீண்டது இரண்டு பீரங்கிகள், போனது பத்து. மகனுக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ராணி அதைத் தாயின் கையில் கொடுத்தார். அதே நாட்களில்தான் 67 வயது தந்தை தென்னாப்பிரிக்கப் படைக்குத் தலைமை ஏற்றார்.

அந்தப் போரில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை இருந்தது. ஏறக்குறைய 1,100 பேர். அவர்களில் 800 பேர் அளவுக்கு ஒப்பந்தக் கூலிகள். லெப்டினன்ட் ராபர்ட்ஸைக் களத்திலிருந்து சுமந்து செல்லும் பேறு தங்கள் படைக்குக் கிடைத்தது என்று காந்தி பின்னாளில் எழுதியிருக்கிறார். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும். தூளியின் கம்பைத் தோளில் தாங்கியவர்களின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ, எனக்குக் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் ராபர்ட்ஸ் ப்ளூம்ஃபான்டைனையும் பிரிட்டோரியாவையும் பிடித்தார். டைஃபாய்டில் அவர் படை மடிந்தது. பண்ணைவீடுகளை எரிக்கும் கொள்கை அவர் காலத்தில்தான் தொடங்கியது. திரும்பி வந்ததும் ஏர்ல் பட்டமும் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பதவியும் கிடைத்தன.

1914 நவம்பர் முதல் வாரத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையில் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படை இருந்தது. ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளின் முன்னால் அது நிலைகுலைந்து ஓடியது. மதராஸ் காலாட்படை உதவாது என்று சொல்லிவந்தவர்களுக்கு நல்ல சான்றாயிற்று. முந்தைய நாள் ராஜபுத்திர ரெஜிமென்ட் ஒன்றும் அதே இடத்தில் அதே போல ஓடியது. அதைச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம், 82 வயது ராபர்ட்ஸ் பிரான்ஸுக்குப் போனார், போர்முனைக்கு வந்திருந்த இந்தியப் படையைப் பார்க்க. கடும் குளிர். கூர்க்காக்கள், சீக்கியர்கள், டோக்ராக்கள், கார்வாலிகள் வரிசையாக நின்றார்கள்; அவர்களிடம் இந்துஸ்தானியில் பேசினார். சளி பிடித்து நிமோனியாவாகி, நவம்பர் 14 அன்று செயின்ட் ஓமரில் இறந்தார். அவர் பார்க்கப்போன அந்தப் படைப்பிரிவில் மதராஸ் பட்டாலியன் ஒன்றும் இல்லை.